கத்தெப்சின்கள்: லைசோசோமின் வெட்டும் நொதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். லைசோசோம் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் ஏறக்குறைய அதே சந்தேகங்களோடு வருகிறார்கள். வீட்டு விசேஷங்களில் சொந்தக்காரர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும். மருந்துச் சீட்டையோ ரிப்போர்ட்டையோ நீட்டி, "இது என்ன, பயப்படணுமா?" என்பார்கள். இரண்டு வகைக் கேள்விகளையும் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். முதல் மூன்றும் அடிப்படை. அவற்றைப் படித்துவிட்டால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும். சிகிச்சை பற்றிய முடிவுகளை மட்டும் உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

லைசோசோம்னா 'தற்கொலைப் பை'ன்னு ஸ்கூல்ல படிச்சோம். இன்னும் அப்படித்தானா?

அந்தப் பெயர் பாதிதான் உண்மை. பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவ் எலியின் கல்லீரலை அரைத்து அதிலுள்ள ஒரு நொதியை அளந்துகொண்டிருந்தார். புதிதாக அரைத்த கலவையில் அந்த நொதி மிகக் குறைவாகவே வேலை செய்தது. அதே கலவையைச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து அளந்தபோது பல மடங்கு கூடியிருந்தது. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, பை கிழிந்ததும் வெளியே வருகிறது என்று அவர் புரிந்துகொண்டார். 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வந்தது. 1974-இல் நோபல் பரிசும் வந்தது.

பை கிழிந்தால் செல்லே செரித்துப்போகும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 'தற்கொலைப் பை' என்ற பெயர். கிழிந்தால் ஆபத்து என்பது நிஜம்தான். ஆனால் கிழியாமல் இருக்கும்போது அது செய்யும் வேலைதான் நம்மை உயிரோடு வைத்திருக்கிறது. செல்லின் பழைய புரதங்களையும் அதற்குள் பழுதான நுண்ணுறுப்புகளையும் உடைத்து, அமினோ அமிலங்களாக்கித் திருப்பித் தருகிறது. கிருமியைச் செரிக்கிறது. எந்தக் கிருமி வந்தது என்று நோயெதிர்ப்பு மண்டலத்துக்குச் சொல்லவும் உதவுகிறது. பாடப்புத்தகத்தில் அந்த ஒரு பெயர் மட்டும் மனதில் தங்கிவிடுகிறதே என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

புரோட்டியேஸ், கத்தெப்சின்னு ரெண்டு பேர் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?

புரதத்தை வெட்டும் எந்த நொதியும் புரோட்டியேஸ்தான். இரைப்பையில் இருக்கும் பெப்சின், கணையம் சுரக்கும் டிரிப்சின் எல்லாம் அந்தக் கூட்டத்தில் அடங்கும். அவற்றில் லைசோசோமில் வேலை செய்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தெப்சின் என்று பெயர். 1929-இல் வில்ஸ்டேட்டரும் பாமனும் வைத்த பெயர் அது. வேர்ச்சொல் கிரேக்கம், செரிப்பது என்று பொருள். பெயரிலேயே கத்தி இருப்பதால் தமிழ் மாணவர்களுக்கு இதை மறக்க வழியில்லை.

மனித உடலில் சுமார் 15 கத்தெப்சின்கள் உண்டு. பி, சி, டி, கே, எல், எஸ் என்று எழுத்துகளால் குறிப்பார்கள். அவற்றில் 11 ஒரே குடும்பம், பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பாயின் நொதியின் குடும்பம். ஆட்டுக்கறி வேக நேரமானால் இரண்டு துண்டு பப்பாளிக்காய் போடுவார்களே, அங்கே கறியை மெதுவாக்கும் நொதியும் உங்கள் செல்லுக்குள் இருக்கும் கத்தெப்சின் எல்-உம் வடிவத்தில் நெருங்கிய உறவினர்கள். வெட்டும் இடத்தில் இரண்டுமே சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைத்தான் கூர்முனையாக வைத்திருக்கின்றன.

புரதத்தை வெட்டுற நொதி, நம்ம செல்லையே ஏன் வெட்டறதில்ல?

பல பூட்டுகள் போட்டுத்தான் செல் இதை வைத்திருக்கிறது. கத்தெப்சின் பிறக்கும்போதே உறையோடு பிறக்கிறது. வெட்டும் பள்ளத்தை நொதியின் சொந்த வால் ஒன்று மூடியிருக்கும். அமிலமான லைசோசோமுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வால் அறுபட்டு, கத்தி வெளியே வரும். வழியில் வேறெங்கும் போய்விடாமல் இருக்க, செல்லுக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி உறுப்பில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை முத்திரை குத்தப்படுகிறது. முகவரி எழுதிய பார்சல் மாதிரி. அந்த முத்திரை குத்தும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. ஐ-செல் நோய் என்று பெயர். அவர்களின் லைசோசோம் நொதிகள் லைசோசோமுக்குப் போய்ச் சேராமல் ரத்தத்தில் கொட்டிக்கிடக்கும்.

அடுத்த பூட்டு அமிலத்தன்மை. அதை அளக்கும் எண்ணான பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) லைசோசோமில் 4.5 முதல் 5 வரை. அதைச் சுற்றியுள்ள செல் திரவத்தின் பிஹெச் சுமார் 7.2. உள்ளே புரோட்டான்களை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்கும் ஒரு பம்ப் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது. கத்தெப்சின் எல் தப்பித்தவறி வெளியே வந்தால் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். அதையும் மீறி வேலை செய்தால் சிஸ்டாட்டின், ஸ்டெஃபின் என்ற புரதங்கள் வந்து பள்ளத்தை அடைத்துவிடும். ஒன்றை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: கத்தெப்சின் எஸ் நடுநிலையான பிஹெச்-இலும் தாக்குப்பிடிக்கும். இங்கே சொன்ன பூட்டுகளில் ஏதாவது ஒன்று தவறான இடத்தில் திறப்பதுதான் கீழே வரும் பல நோய்களின் கதை.

பப்பாளி, என்சைம் மாத்திரை எல்லாம் சாப்பிட்டா லைசோசோம் நொதி கூடுமா?

கூடாது. வாய் வழியே போகும் நொதியும் ஒரு புரதம்தான். மற்ற புரதங்களைப் போலக் குடலில் செரிந்துவிடும். மிச்சம் ஏதாவது ரத்தத்தில் சேர்ந்தாலும், மேலே சொன்ன சர்க்கரை முத்திரை அதில் இருக்காது. பப்பாளியைப் பழமாகச் சாப்பிடுங்கள், நல்லது.

கிருமியைக் கொல்றதுதானே இதோட வேலை? நோயெதிர்ப்புல வேற என்ன இருக்கு?

கொல்வது முதல் வேலை. ரஷ்யரான மெச்னிகோவ் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நட்சத்திர மீனின் இளம்புழுக்களைக் குத்திப் பார்த்து, செல்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்குவதைக் கண்டார். 1908-இல் நோபல் பரிசு பெற்றார். விழுங்கிய கிருமி முதலில் ஒரு சாதாரணப் பையில் இருக்கும். அந்தப் பை லைசோசோமோடு இணைந்த பிறகுதான் அமிலமும் நொதிகளும் அதன்மேல் பாயும். காசநோய்க் கிருமியின் சாமர்த்தியம் இங்கேதான். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் தன்னை விழுங்கட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே போனதும் அந்தப் பை லைசோசோமோடு இணையாமல் தடுத்துவிடும். ஆம்ஸ்ட்ராங், டார்ஸி ஹார்ட் என்ற இருவர் 1971-இல் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். கிருமி இருக்கும் பையின் பிஹெச் 6-க்கு மேலேயே நின்றுவிடும். கத்திகள் பக்கத்து அறையில் சும்மா கிடக்கும். நம் ஊரில் காசநோய் இவ்வளவு நீண்டகால நோயாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொல்வது தவிர இன்னும் மூன்று வேலைகள் இருக்கின்றன. விழுங்கியதைத் துண்டாக்கி, டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்களுக்குக் காட்டுவது, கிருமியின் மரபுப்பொருளை உணரும் கருவிகளைக் கூர்தீட்டுவது, மற்ற கொல்லும் நொதிகளை உறையிலிருந்து எடுத்துவிடுவது. அடுத்த சில பதில்கள் இவற்றைப் பற்றியவைதான்.

கிருமியைக் கொன்னாச்சுன்னா முடிஞ்சுதே, அதை ஏன் துண்டு போட்டு காட்டணும்?

உங்களைத் தாக்கியது எது என்று டி செல் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. முழுக் கிருமியை அதன் முன்னால் நிறுத்தினாலும் அதற்குத் தெரியாது. ஒரு சிறிய புரதத் துண்டை, எம்எச்சி என்ற தாங்கியில் வைத்து, இன்னொரு செல் நீட்டிக் காட்ட வேண்டும். எம்எச்சி இரண்டாம் வகைத் தாங்கியில் உட்காரும் துண்டு ஏறக்குறைய 13 முதல் 25 அமினோ அமிலம் நீளம் இருக்கும். அந்தத் துண்டுகளை வெட்டித் தருவது கத்தெப்சின்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. தாங்கி தயாராகும்போதே அதன் பள்ளத்தில் வேறெதுவும் ஒட்டிக்கொள்ளாதபடி மாறாச் சங்கிலி என்ற ஒரு புரதம் அதை மூடியிருக்கும். தாங்கி அமிலப் பைக்கு வந்து சேர்ந்ததும் கத்தெப்சின் எஸ் அந்தச் சங்கிலியை நறுக்கிக்கொண்டே வரும். கடைசியில் பள்ளத்துக்குள் கிளிப் என்ற சின்னத் துண்டு மட்டும் மிஞ்சும். எச்எல்ஏ-டிஎம் என்ற உதவியாளர் அதைத் தள்ளிவிட்டு, கிருமியின் துண்டை உட்கார வைக்கும். பூட்டு மாதிரி மூடியிருந்ததை வெட்டுவதும் கத்தெப்சின், உள்ளே வைக்க வேண்டிய பொருளை நறுக்கித் தருவதும் கத்தெப்சின். டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸில் இதே வேலையை எலிகளுக்குக் கத்தெப்சின் எல் செய்கிறது. அந்த ஒரு நொதி இல்லாத எலிகளில் சிடி4 என்ற வகை டி செல்கள் பாதிக்கும் கீழே குறைந்துபோயின.

அப்போ நல்லா வெட்டற செல்தானே நல்லா காட்டவும் செய்யும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அன்றைய வகுப்பு நன்றாகப் போனது என்று அர்த்தம். பதில் நேர்மாறானது. மேக்ரோஃபேஜில் கத்தெப்சின்கள் ஏராளம். விழுங்கிய புரதத்தை விரைவில் தனித்தனி அமினோ அமிலங்களாக்கிவிடும். அமினோ அமிலத்தைப் பார்த்து அது காசநோய்க் கிருமியிலிருந்து வந்ததா, நேற்றுச் சாப்பிட்ட பருப்பிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. டி செல்களுக்கு முதல் தகவல் கொண்டுபோகும் டென்ட்ரைட்டிக் செல்லிலோ லைசோசோம் புரோட்டியேஸ்கள் அதைவிடப் பல மடங்கு குறைவு. அது மெதுவாக, அரைகுறையாக வெட்டும். அடையாளம் சொல்லக்கூடிய நீளத்தில் துண்டுகள் பிழைத்திருக்கும். அந்தச் செல்லைக் கண்டறிந்ததற்காக ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதிகமாக வெட்டினால் தகவல் அழிந்துவிடும், குறைவாக வெட்டினால் துண்டு தாங்கிக்குள் நுழையாது. இந்த அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: லெகுமெய்ன் என்று இன்னொரு லைசோசோம் நொதி இருக்கிறது. அவரை, பயறு வகை விதைகளில் முதலில் அறியப்பட்டதால் அந்தப் பெயர். நரம்பின் மேலுறையில் இருக்கும் மையலின் புரதத்தின் ஒரு முக்கியமான துண்டை அது குறுக்கே வெட்டிவிடுகிறது. அதனால் தைமஸில் அந்தத் துண்டு சரியாகக் காட்டப்படுவதில்லை. அதைத் தாக்கக்கூடிய டி செல்கள் களையெடுக்கப்படாமல் தப்பிவிடக்கூடும். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அப்படித் தப்பியவைதான் பிரச்சினை செய்கின்றனவா என்று ஆராய்ச்சியாளர்கள் யோசிப்பது இதனால்தான்.

என் தங்கைக்கு லூபஸ். மலேரியா மாத்திரை கொடுக்கறாங்களே, அது ஏன்?

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைச் சொல்கிறீர்கள். பிறந்தது மலேரியா மருந்துக் குடும்பத்தில் என்றாலும், நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது. அது ஒரு காரத்தன்மையுள்ள மூலக்கூறு. அமிலமான இடத்துக்குப் போனால் மின்னேற்றம் பெற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால் ரத்தத்தில் இருப்பதைவிட லைசோசோமில் பல மடங்கு சேர்ந்து, அங்குள்ள அமிலத்தன்மையைக் குறைக்கிறது. மூன்றாம் கேள்வியில் சொன்ன அமிலப் பூட்டை இந்த மாத்திரை லேசாக அழுத்திப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

விளைவு இரண்டு. டி செல்லுக்குத் துண்டு காட்டும் வேலை மந்தமாகிறது. அப்புறம், டிஎல்ஆர்7, டிஎல்ஆர்9 என்ற உணர்கருவிகள் மரபுப்பொருளைக் கண்டு எழுப்பும் அபாயச் சத்தம் அடங்குகிறது. இந்தக் கருவிகளைக் கத்தெப்சின்கள் ஓரிடத்தில் வெட்டினால்தான் அவை வேலை செய்யும் என்று 2008-இல் தெரியவந்தது. லூபஸில் சொந்த டிஎன்ஏ, ஆர்என்ஏவைப் பார்த்தே அவை கத்துகின்றன. மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். கண்ணின் விழித்திரைப் பரிசோதனையையும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் செய்துகொள்ளட்டும்.

அதே மாத்திரை கொரோனாவுக்கு வேலை செய்யும்னு சொன்னாங்க, அப்புறம் செய்யலன்னாங்க. யார் சொன்னது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்த செல் வேறு. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய அதன் முள் புரதம் வெட்டப்பட வேண்டும். அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று செல்லின் மேற்பரப்பில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி வெட்டுவது. இன்னொன்று, வைரஸைச் செல் விழுங்கிய பிறகு அமிலப் பைக்குள் கத்தெப்சின் எல் வெட்டுவது. முதல் ஆய்வகச் சோதனைகள் வெரோ என்ற குரங்குச் சிறுநீரக செல்களில் நடந்தன. அவற்றில் மேற்பரப்பு நொதி கிட்டத்தட்ட இல்லை. பின்வாசல் மட்டுமே உண்டு. மாத்திரை அமிலத்தைக் குறைத்ததும் வைரஸ் நின்றுவிட்டது.

மனித நுரையீரல் செல்களில் முன்வாசல் திறந்தே இருந்தது. அங்கே மாத்திரையால் எதையும் தடுக்க முடியவில்லை என்று 2020-இலேயே காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி சோதனை, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் இறப்பை இந்த மருந்து குறைக்கவில்லை என்று அறிவித்தது. பின்னால் வந்த ஒமிக்ரான் பின்வாசலை அதிகம் நம்பியது. எபோலாவுக்கும் கத்தெப்சின் பி, எல் இரண்டும் வேண்டும். அவை அதன் மேலுறைப் புரதத்தைச் செதுக்கிய பிறகுதான் செல்லுக்குள் இருக்கும் ஏற்பியை அதனால் பிடிக்க முடியும். நம்மைக் காக்க வைத்திருக்கும் கத்தியையே வைரஸ் சாவியாக்கிக்கொள்கிறது.

பையனுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிச்சிருக்கு, பல்லெல்லாம் ஆடுது. இதுக்கும் நொதிக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் பாப்பியோன்-லெஃபெவ்ர் நோயை நினைப்பார்கள். 1924-இல் இதை விவரித்த இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் பெயர் அது. பத்து லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்கு வரும் அரிய நோய். பால் பற்கள் முளைத்த கொஞ்ச நாளிலேயே ஈறு அழுகி விழுந்துவிடும்; நிலைப் பற்களுக்கும் அதே கதி. காரணம் கத்தெப்சின் சி மரபணுவில் உள்ள பழுது என்று 1999-இல் தெரிந்தது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். அதனால் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதிகம் பார்க்கிறோம். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொடுக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் மரபணு ஆலோசனைக்கு ஒருமுறை போய் வருவது நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன்.

கத்தெப்சின் சி-யின் வேலை மற்ற கத்திகளை உறையிலிருந்து எடுப்பது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் எலாஸ்டேஸ், கத்தெப்சின் ஜி, புரோட்டினேஸ் 3 ஆகியவையும், கொல்லும் டி செல்களின் கிரான்சைம்களும், அவற்றின் நுனியில் உள்ள இரண்டு அமினோ அமிலங்களை இது கிள்ளி எடுத்த பிறகுதான் விழிக்கும். அது இல்லையென்றால் ஈறில் கிருமிகளோடு நடக்கும் தினசரிச் சண்டையின் சமநிலை கெடுகிறது. ஆனால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் மற்றபடி கடுமையான தொற்றுகள் இல்லாமலே வளர்கிறார்கள். சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி போன்றவை வருவதுண்டு.

இதிலிருந்துதான் ஒரு மருந்து பிறந்தது. பிராங்கியெக்டாசிஸ் நோயில் மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும்; நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ் அந்தச் சுவர்களை அரித்துக்கொண்டே இருக்கும். கத்தெப்சின் சி-யை ஓரளவு தடுத்தால் எலாஸ்டேஸ் உறைக்குள்ளேயே தூங்கும் அல்லவா? பிரென்சோகேட்டிப் என்ற மாத்திரை அதைத்தான் செய்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை எடுப்பவர்களின் தோல் தடிப்பையும் ஈறையும் கவனிக்கச் சொல்கிறார்கள். ஏன் என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

எலும்பு தேய்மானத்துக்கு கத்தெப்சின் மருந்து வரப்போகுதுன்னு படிச்சேன். என்னாச்சு?

வரவில்லை. நம் எலும்பு தினமும் அரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. அரிக்கும் செல், எலும்பின்மேல் ஒட்டி உட்கார்ந்து, அடியில் அமிலத்தையும் கத்தெப்சின் கே-யையும் ஊற்றும். செல்லுக்கு வெளியே ஒரு குட்டி லைசோசோம் கட்டுவது மாதிரி. முப்புரியாக முறுக்கிய கொலாஜன் கயிற்றை நடுவிலேயே வெட்டும் திறன் கே-க்கு உண்டு. இந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு வருவது பிக்னோடிசோஸ்டோசிஸ்: குள்ளமான உடல், அடர்த்தியாக இருந்தும் எளிதில் முறியும் எலும்பு, குட்டையான விரல் நுனிகள். மரபணு 1996-இல் அடையாளம் காணப்பட்டது. பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்குக்கு இந்த நோய் இருந்திருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு; அவருடைய பெற்றோரும் நெருங்கிய சொந்தம்தான்.

கே-யைத் தடுத்தால் எலும்பு மிஞ்சும் என்ற கணக்கில் ஓடனகேட்டிப் மருந்து உருவானது. மாதவிடாய் நின்ற 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். எலும்பு முறிவு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் பக்கவாத ஆபத்து கூடியது. 2016-இல் மெர்க் நிறுவனம் மருந்தைக் கைவிட்டது. அதற்கு முன் வந்த பலிகேட்டிப் என்ற மருந்தின் கதை இன்னும் பாடமானது. அது காரத்தன்மையுள்ள மூலக்கூறு. லூபஸ் கேள்வியில் பார்த்த அதே வழியில் லைசோசோம்களில் போய்க் குவிந்தது. குவிந்ததும் கே-யோடு நிற்காமல் பி, எல் போன்றவற்றையும் தடுத்தது. சிலருக்குத் தோல் இறுகியது.

மாமாவுக்கு கவுட். கட்டைவிரல் ராத்திரியில திடீர்னு வீங்குதே, அதுல லைசோசோம் எங்க வந்துச்சு?

மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகம் ஊசி மாதிரி இருக்கும். மேக்ரோஃபேஜ் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகிறது, செரிக்க முடியவில்லை. படிகம் லைசோசோமின் சவ்வைக் கிழிக்கிறது. கத்தெப்சின் பி உள்ளிட்ட நொதிகள் வெளியே கசிகின்றன. இந்தச் சேதத்தை என்எல்ஆர்பி3 என்ற எச்சரிக்கைக் கருவி உணர்ந்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சியைத் தூண்டும் மூலக்கூறை விடுவிக்கச் செய்கிறது. அந்த ஒரு மூலக்கூறு போதும், சில மணி நேரத்தில் விரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். அந்தச் சங்கிலியில் கத்தெப்சின் பி-யின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஒன்றை நீக்கினால் இன்னொரு கத்தெப்சின் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கல் உடைக்கும் இடங்களில் சிலிக்கா தூசியைச் சுவாசிப்பவர்களின் நுரையீரலிலும் இதே நிகழ்ச்சிதான் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் யூரிக் அமிலத்தைக் கரைக்க மருந்து உண்டு, சிலிக்காவைக் கரைக்க எதுவும் இல்லை. விழுங்கிய செல் சாகும், தூசி வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். வருடக்கணக்கில் நடந்து நுரையீரல் தழும்பாகிவிடும். குவாரித் தொழிலாளிக்குத் தூசியைத் தண்ணீர் தெளித்து அடக்குவதும் சரியான முகக்கவசமும் எவ்வளவு அவசியம் என்று இந்த ஒரு செல்லின் கதையே சொல்லிவிடும்.

கணைய வீக்கத்துலயும் இதுதான் காரணமா?

ஒரு முக்கியமான பங்கு உண்டு. கணையம் டிரிப்சினைச் செயலற்ற வடிவத்தில் சேமித்து, குடலுக்குப் போன பிறகே விழிக்கச் செய்கிறது. கணைய செல் பாதிக்கப்படும்போது இந்தச் சேமிப்புப் பைகளும் லைசோசோம்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கத்தெப்சின் பி அங்கேயே டிரிப்சினை எழுப்பிவிடுகிறது. கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். கத்தெப்சின் பி இல்லாத எலிகளில் இந்த விழிப்பு கணிசமாகக் குறைந்தது. அதே இடத்தில் கத்தெப்சின் எல் டிரிப்சினை வேறிடத்தில் வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. ஒரே பையில் ஒன்று தீ வைக்கிறது, இன்னொன்று அணைக்கிறது.

லைசோசோம் நோய்னா காஷே நோய் மாதிரிதானே? குழந்தைகளுக்கு வர்றது?

காஷே நோயும் லைசோசோம் நோய்தான், ஆனால் அங்கே குறைவது கொழுப்பை உடைக்கும் நொதி. புரோட்டியேஸ் குறைவால் வருபவை வேறு. அவற்றில் ஒன்று சிஎல்என்2. டிபிபி1 என்ற லைசோசோம் புரோட்டியேஸ் இல்லாததால் நரம்பு செல்களில் கழிவு சேரும். நன்றாக ஓடியாடிய குழந்தைக்கு 2 முதல் 4 வயதில் பேச்சு தாமதமாகும், வலிப்பு வரும், பிறகு நடையும் பார்வையும் போகும். கத்தெப்சின் டி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் நிலை இன்னும் கடுமை. பிறந்த சில நாட்களிலேயே இழந்துவிடுகிறோம்.

சிஎல்என்2-க்கு 2017-இல் செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்ற மருந்து வந்தது. உறையோடு கூடிய டிபிபி1 நொதியையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூளையின் திரவ அறைக்குள் செலுத்துகிறார்கள். நரம்பு செல் அதை எடுத்துக்கொள்வதும் அந்த மேனோஸ்-6-பாஸ்பேட் முத்திரையைப் பார்த்துத்தான். நடை இழப்பது மெதுவாகிறது, போனது திரும்புவதில்லை. அதனால்தான் சின்னக் குழந்தைக்குப் பேச்சுத் தாமதமும் வலிப்பும் சேர்ந்து இருந்தால் காத்திருக்காதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிச் சொல்கிறேன்.

16 மணி நேரம் விரதம் இருந்தா செல் தன்னைத்தானே சுத்தம் பண்ணி கேன்சரைக் கொல்லும், அதுக்கு நோபல் பரிசே கொடுத்தாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

நோபல் பரிசு உண்மை: 2016, யோஷினோரி ஓசுமி, செல் தன் சொந்தப் பாகங்களையே செரிக்கும் தன்விழுங்கல் பற்றிய ஆய்வுக்காக. ஆனால் அவர் மனிதர்களை விரதம் இருக்கச் சொல்லிச் சோதிக்கவில்லை. ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார். அதிலும் வெட்டும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தார். சாதாரண ஈஸ்ட்டில் உள்ளே வந்த பொருள் உடனே செரிந்துவிடும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. கத்திகளை எடுத்துவிட்டதால் செரிக்காத உருண்டைகள் பைக்குள் குவிந்தன; சாதாரண நுண்ணோக்கியிலேயே அவை துள்ளுவதைப் பார்த்தார். ஆராய்ச்சியில் இவ்வளவு அழகான ஒரு யோசனையை நான் அதிகம் கண்டதில்லை.

பட்டினியில் தன்விழுங்கல் கூடும் என்பது சரி. 16 மணி நேரம் என்ற கணக்குக்கும் புற்றுநோயைக் கொல்லும் என்பதற்கும் அந்தப் பரிசில் எந்த ஆதாரமும் இல்லை. ஏற்கெனவே வளர்ந்த கட்டி, தனக்கு உணவு குறையும்போது தன்விழுங்கலைப் பயன்படுத்திப் பிழைப்பதும் உண்டு. சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தச் செய்தியை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

கட்டிகள்ல கத்தெப்சின் அதிகமா இருக்காமே. அப்போ எல்லாத்தையும் சேர்த்து தடுத்துட்டா என்ன?

பல கட்டிகளில் கத்தெப்சின்கள் செல்லுக்கு வெளியே கொட்டப்படுகின்றன. கட்டியைச் சுற்றிக் கூடும் மேக்ரோஃபேஜ்களும் கொட்டுகின்றன. கட்டியின் சுற்றுப்புறம் லேசாக அமிலமாக இருப்பதால் வெளியேயும் அவற்றுக்கு வேலை செய்ய முடிகிறது. செல்களுக்கு இடையிலுள்ள வலையை அறுத்து, கட்டி பரவ வழி செய்கின்றன. நடுநிலை பிஹெச்-இலும் தாக்குப்பிடிக்கும் கத்தெப்சின் எஸ்-ஐக் குறித்துக்கொள்ளச் சொன்னேனே, ரத்தக்குழாய்ச் சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதத்தை வெட்டுவதிலும் அதன் பெயர் வருகிறது.

எல்லாவற்றையும் தடுத்தால்? துண்டு காட்டும் வேலை நிற்கும், கிருமி செரிக்காது, நரம்பு செல்லில் கழிவு சேரும். சிஎல்என் நோய்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் தடுத்தால்? அதன் உறவினர் வேலையை எடுத்துக்கொள்ளலாம், கவுட் பதிலில் பார்த்தது போல. அல்லது ஓடனகேட்டிப் போல, நாம் எதிர்பார்க்காத இடத்தில் அடி விழலாம். பிரென்சோகேட்டிப் தேறியதற்கு ஒரு காரணம், கத்தெப்சின் சி இல்லாமலே வாழும் மனிதர்களைப் பார்த்து எங்கே கவனிக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததுதான்.

என் ரிப்போர்ட்ல 'சிஸ்டாட்டின் சி' அதிகம்னு இருக்கு. கத்தெப்சின் நோயா?

அநேகமாக இல்லை, அது சிறுநீரகப் பரிசோதனை. சிஸ்டாட்டின் சி, மூன்றாம் பதிலில் சொன்ன பூட்டுப் புரதங்களில் ஒன்று. உட்கரு உள்ள எல்லாச் செல்களும் ஏறக்குறைய சீராக அதைச் சுரக்கின்றன; சிறுநீரகம் வடிகட்டி எடுத்துவிடுகிறது. வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். சிறுநீரகத்துக்கு வழக்கமாக அளக்கும் கிரியேட்டினின் தசையின் அளவைப் பொறுத்து மாறும்; மெலிந்த முதியவர்களுக்கு அது பொய்யாக நன்றாக இருப்பது போலக் காட்டிவிடலாம். அப்போது சிஸ்டாட்டின் சி கூடுதல் உதவி.

தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம், உடல் பருமன் இவையும் அளவை மாற்றும். இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் ரிப்போர்ட்டைக் காட்டும்போது சிறுநீரக மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.